பொது அலைவரிசை

விலாசத்தை அவள் சொல்லி முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது.

எல்லைச் சாலை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கம், வயதான பெண்மணி, மூச்சுத் திணறல் என்று மைக்கில் சொல்லிவிட்டு, வீட்டு எண்ணைப் படிக்கத் திரையை நோக்கிக் குனிந்தாள். பொத்தானிலிருந்து விரல் ஒரு நொடி விலகியது. அந்த ஒரு நொடிக்குள் ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல், "கிளம்பிட்டோம்" என்றது. திரையில் சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்த புள்ளி பச்சையானது. யாரோ பொறுப்பெடுத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

மேற்கு மாவட்டத்து வண்டி பக்கத்தில் எங்காவது நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் தேநீரை எடுத்தாள். ஆறிப்போயிருந்தது.

பகல்தான். ஆனால் மதியத்திலிருந்தே மூடுபனி இறங்கி, தீயணைப்பு நிலையத்தின் இரண்டாம் மாடியில் இருந்த அந்தக் கட்டுப்பாட்டு அறையின் ஜன்னல்களில் வெள்ளைத் துணி கட்டியதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்குகளை எல்லாம் போட்டுவிட்டிருந்தார்கள். ஈர மழைக்கோட்டு வாடையும், நாள் முழுக்க ஓடும் இயந்திரங்களின் சூடேறிய தூசி வாடையும், யாரோ மேசைக்கடியில் மறந்துவிட்ட சாப்பாட்டுப் பொட்டலத்தின் புளித்த வாடையும் கலந்து அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. மற்ற நாற்காலிகள் எல்லாம் காலி. மற்றவர்கள் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். அவளும், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மேற்பார்வையாளரும் மட்டும்தான்.

தேநீரை வைத்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. அந்தக் குரலுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

வண்டியிலிருந்து பேசினால் பின்னால் ஏதாவது கேட்கும். இன்ஜின் உறுமும், வைப்பர் கிறீச்சிடும், யாராவது இருமுவார்கள், அடுத்த வண்டிக்காரனைத் திட்டுவார்கள். இந்தக் குரல் மூடிய பீரோவுக்குள் உட்கார்ந்து பேசியதுபோல் இருந்தது. வண்டி எண்ணும் சொல்லவில்லை.

அவள் பேசிக்கொண்டிருந்த அந்தப் பொதுச் சேனலை யாருக்கும் பிடிக்காது. போன வருஷம் எல்லைச் சாலையில் ஒரு வீடு தீப்பிடித்தபோது, அது உங்கள் பக்கம், இல்லை உங்கள் பக்கம் என்று இரண்டு மாவட்டத்து அலுவலகங்களும் போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்க, ஒரு குடும்பமே உள்ளே கருகிப்போனது. அதற்குப் பிறகுதான் இரு மாவட்டங்களின் தீயணைப்பு, ஆம்புலன்ஸ், காவல் வண்டிகள் எல்லாம் ஒரே அலைவரிசையில் பேச வேண்டும், ஒருவர் திரையில் தெரிவது மற்றவர் திரையிலும் தெரிய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. யார் எடுத்தாலும் இரு பக்கமும் புள்ளி பச்சையாகும். ஒரு பக்கம் எடுத்துவிட்டால் மறு பக்கம் நகராது. அப்பாடா என்று விட்டுவிடும்.

தொலைபேசி அடித்தது. கல் உடைக்கும் கிடங்கில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார், காதில் ரத்தம் வருகிறது என்று ஓர் ஆள் பதறினான். அவள் கேள்வி கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"கிளம்பிட்டோம்" என்றது ஸ்பீக்கர்.

அவள் இன்னும் மைக்கைத் தொடவே இல்லை.

திரையைப் பார்த்தாள். பச்சை.

மேற்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குத் தனி லைனில் போன் போட்டாள். அங்கே எப்போதும் எடுப்பவரை அவள் நேரில் பார்த்ததில்லை. தொண்டையில் மணல் அள்ளிப் போட்டதுபோல் ஒரு குரல். மனதுக்குள் அவருக்குக் கரகரப்பு என்று பேர் வைத்திருந்தாள்.

"எல்லைச் சாலைக்கும் கிடங்குக்கும் எந்த வண்டி அனுப்புனீங்க?"

"என்ன மேடம், காலையிலேயே ஆரம்பிச்சிட்டீங்க?"

"மணி நாலாச்சு. எந்த வண்டி?"

"எங்க வண்டி ஏன் போகுது? உங்க ஆளுங்கதானே ரெண்டையும் எடுத்தாங்க. திரையில பச்சையா இருக்கே, கண்ணு தெரியலையா?"

"நாங்க எடுக்கல."

"உங்க பக்கம் எப்பவும் இதே கதைதான். எடுக்குறது, அப்புறம் எடுக்கலன்னு கைய விரிக்கிறது."

அவள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு பொதுச் சேனலின் பொத்தானை அழுத்தினாள். "எல்லைச் சாலை கேஸ எடுத்த வண்டி, உங்க எண் சொல்லுங்க. எந்த மாவட்டம்?"

இரைச்சல். பிறகு, அவசரமே இல்லாமல், "உங்க பக்கம்தான்."

"இப்ப ஒத்துக்குறீங்களா?" என்றார் கரகரப்பு.

"நீங்களே ஒரு தடவ கேட்டுப் பாருங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கேட்டார். ஸ்பீக்கரில் அவருடைய கேள்வி வந்தது. பதிலும் வந்தது. "உங்க பக்கம்தான்."

போனில் அவர் தொண்டையைச் செருமினார்.

"எவனோ வயர்லெஸ் செட்ட வெச்சிக்கிட்டு விளையாடுறான்" என்றார் கடைசியில். ஆனால் அந்தக் கிண்டல் குரலில் இல்லை.

அவளுடைய தம்பி கீழே ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். வேலையில் அக்காவும் கிடையாது, தம்பியும் கிடையாது என்பது அவன் கொள்கை. வீட்டில் அவள் தலையில் ஏறி உட்காருவான். வயர்லெஸ்ஸில் மட்டும் அவள் அவனுக்குக் 'கண்ட்ரோல்'. பொதுச் சேனலை விட்டுவிட்டு, தங்கள் மாவட்டத்துப் பழைய சேனலில் அவனைக் கூப்பிட்டாள். எல்லைச் சாலைக்குப் போய்ப் பார்த்துச் சொல்லச் சொன்னாள்.

பனியில் வண்டி ஊர்ந்துதான் போயிருக்க வேண்டும். அவள் கைக்குள் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு ஒரு மஞ்சள் கறையாக மட்டும் தெரிந்தது.

"கண்ட்ரோல், வந்துட்டேன். கதவு திறந்து கிடக்கு. உள்ள யாரும் இல்ல."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். அடுப்பு எரியுது, பால் பொங்கி வழிஞ்சு கரிஞ்சு போய்க் கிடக்கு. கட்டில்ல போர்வையும் தலையணையும் இருக்கு, ஆள் இல்ல. செருப்பு வாசல்ல இருக்கு. மூக்குக் கண்ணாடி மேசையில இருக்கு." வாசலில் யாரோ அவனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "பக்கத்து வீட்டுக்காரர் இருக்கார். ஆம்புலன்ஸ் அப்பவே வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்றார்."

"என்ன வண்டின்னு கேளு."

முனகலான பேச்சு. பிறகு தம்பி, குரலைத் தாழ்த்தி, "வண்டிய அவர் பாக்கலயாம். லைட் இல்ல, சைரன் இல்ல. வாசல்ல பேச்சு மட்டும் கேட்டுச்சாம். வயர்லெஸ்ல பேசுற மாதிரி, இரைச்சலோட. ஆனா அங்க செட்டு எதுவும் இல்லையாம், வாயால பேசின மாதிரிதான் இருந்துச்சாம்."

அவள் எழுந்து கண்ணாடித் தடுப்புக்குள் போனாள். மேற்பார்வையாளர் எதையும் முழுதாகக் கேட்கவில்லை.

"சார், பொதுச் சேனல அணைச்சிடலாம்."

"அணைச்சிட்டு? இன்னொரு வீடு எரிஞ்சா யார் தலை உருளும்? உன் தலையா?"

"ஒரு அம்மாவக் காணோம் சார்."

"காணோம்னா போலீஸ் பாத்துக்கும். மேற்குக்காரன் உன்னச் சீண்டுறான், நீயும் ஆடுற. போய் சீட்ல உக்காரு."

அவள் திரும்பி வந்தபோது திரையில் இன்னும் இரண்டு புள்ளிகள் இருந்தன. எல்லைச் சாலையில் இல்லை. ஒன்று சந்தைக்குப் பின்னால். ஒன்று பள்ளிக்கூடத்து முனையில். எல்லையை விட்டு உள்ளே, ஊருக்குள். சிவப்பாக அவை வரவே இல்லை. வரும்போதே பச்சை.

"கண்ட்ரோல், கிடங்குக்குப் போய்ப் பாக்குறேன்" என்றான் தம்பி.

"வேணாம். திரும்பி வா."

"இங்கிருந்து பக்கம்தான். ஆள் கீழ விழுந்து கிடந்தா என்ன செய்றது?"

அவள் மறுபடி வேண்டாம் என்றாள். அதற்குள் கிளம்பியிருப்பான். அவன் அப்படித்தான்.

நேரம் போனது. கூப்பிட்டாள். இரைச்சல். மறுபடி கூப்பிட்டாள். எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாள், பிறகு அவன் கொள்கையை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு தம்பி என்றே கூப்பிட்டாள். அறையில் அந்தப் புளித்த வாடை கூடிக்கொண்டே போவதுபோல் இருந்தது.

மேற்கிலிருந்து போன் வந்தது.

"மேடம்." அவர் இரகசியம் பேசுவதுபோல் பேசினார். "எங்க வண்டி ஒண்ணையும் கிடங்குக்கு அனுப்பினேன். ரெண்டு பேர். பதில் சொல்ல மாட்டேங்குறாங்க."

"என் தம்பியும் அங்கதான் போயிருக்கான்."

இருவரும் அப்படியே போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை மாதத்தில் ஒருவரை ஒருவர் திட்டாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அப்போது பொதுச் சேனலில் தம்பி பேசினான்.

"அக்கா, இங்க ஒண்ணுமில்ல. அடுத்த விலாசம் சொல்லு."

அவளுக்கு ஒரு கணம் உயிர் திரும்பி வந்தது. பொத்தானை நோக்கி விரல் போனது. பாதியில் நின்றது.

அக்கா.

பின்னால் இன்ஜின் இல்லை. வைப்பர் இல்லை. காற்றுகூட இல்லை.

"அக்கா, சொல்லு. அடுத்த விலாசம்." அதே குரல். அதே இழுப்பு. சிறு வயதில் விழுந்து உதடு கிழிந்ததால் 'ச' சொல்லும்போது வரும் அதே மெல்லிய சீட்டி. "சொல்லு அக்கா. சொல்லு. சொல்லு."

"பேசாதீங்க" என்றார் கரகரப்பு போனில். "மேடம், எதுவும் சொல்லாதீங்க. நாம பேசுறத வெச்சுத்தான் அது… நான் இங்க அணைக்கிறேன். நீங்க அங்க அணைங்க. ரெண்டு பேரும் ஒண்ணா."

அவள் மேசைக்கடியில் குனிந்தாள். மேற்பார்வையாளர் கண்ணாடியைத் தட்டி ஏதோ கத்தினார். பொதுச் சேனலின் கேபிள் கனமாக, சூடாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

ஸ்பீக்கர் செத்தது. திரையில் புள்ளிகள் எல்லாம் அணைந்தன. போனில் மேற்குக்காரர் நீளமாக மூச்சு விடுவது கேட்டது. "முடிஞ்சுது" என்றார். "பழைய சேனல்ல உங்க தம்பியத் தேடுங்க. எங்க போலீஸ் வண்டிய நானும் அனுப்புறேன். கிடைச்சிடுவாங்க மேடம்."

மேற்பார்வையாளர் அவள் முன்னால் வந்து நின்று வேலை போய்விடும் என்றார். போகட்டும் என்றாள். அவர் போலீசுக்குப் போன் செய்யக் கண்ணாடித் தடுப்புக்குள் திரும்பிப் போனார். அவள் பழைய சேனலின் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். அறை அமைதியாக இருந்தது.

அவசர எண் அடித்தது. எடுத்தாள்.

"என் வீட்டுக்காரர் குளியலறையில விழுந்துட்டாரு. மூச்சு பேச்சு இல்லங்க." ஒரு பெண். குரல் உடைந்திருந்தது. தெரு பெயரைச் சொன்னாள். நிலையத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி. ஓர் அறையும் சமையலறையும் மட்டுமே உள்ள வரிசை வீடுகள். அவள் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்கு வருவாள்.

"பயப்படாதீங்க. நான் சொல்றபடி செய்ங்க. அவரை மல்லாக்கப் படுக்க வைங்க. நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வெச்சு அழுத்துங்க. வேகமா. நிறுத்தாதீங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைக்கும் சத்தம். அந்தப் பெண் அழுத்துகிறாள், அழுதுகொண்டே. ரிசீவரை விடாமலே அவள் பழைய சேனலின் மைக்கை எடுத்தாள், கீழே இருக்கும் கடைசி வண்டியை அனுப்ப.

"வந்துட்டாங்க" என்றாள் அந்தப் பெண். "வாசல்ல வந்துட்டாங்க. ரொம்ப நன்றிங்க."

மைக் கையிலேயே நின்றது.

"அம்மா, கதவத் திறக்காதீங்க."

"என்னது?"

"நான் இன்னும் யாரையும் அனுப்பல. திறக்காதீங்க. நெஞ்ச அழுத்துறத நிறுத்தாதீங்க. இப்ப அனுப்புறேன், கீழருந்து ஓடியே வருவாங்க."

"அவர் முகம் நீலமாகுதுங்க. ஏன் இப்படி ரெண்டு விதமா பேசுறீங்க?"

"என்ன ரெண்டு விதமா?"

"வெளிய நின்னு திறக்கச் சொல்றதும் நீங்கதானே. இதே குரல்தானே."

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். ஒரு மரக்கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, தெளிவாக, கனிவாக, ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். "திறங்கம்மா. நேரம் போகுது. அவரக் கூட்டிட்டுப் போகணும்."

அவளுடைய சொந்தக் குரல். அவளுடைய களைப்புகூட அதில் இருந்தது.

"திறக்காதீங்க" என்று கத்தினாள். மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார். "திறக்காதீங்கம்மா, அது நான் இல்ல."

தாழ்ப்பாள் விலகியது.

காலடிகள். வெறுங்கால்கள், ஈரமானவை, சிமெண்ட் தரையில். ஒருவர். பின்னால் இன்னொருவர். அந்தப் பெண், "இவ்வளவு பேரா…" என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

ஓர் அறையும் சமையலறையும்தான் அந்த வீட்டில்.

காலடிகள் உள்ளே வந்துகொண்டே இருந்தன.