முத்தன் பிடித்த ஸ்டியரிங்

மிட்டாதார் பங்களாவின் கார் கொட்டகைக்குக் கண்ணாயி போய்ச் சேர்ந்தபோது பொழுது நன்றாக ஏறியிருந்தது. ஏறி என்ன பயன், ஐப்பசி மாதத்துக் கொல்லிமலையில் சூரியனுக்கே வழி தெரியாது. மேகம் கொட்டகைக்குள் புகுந்து படுத்திருந்தது. அதன் நடுவில் கறுப்பாக, பெரிதாக நின்றது கார்.

அந்தக் காலத்தில் மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. அதற்காக, மலை நிலத்துக்கெல்லாம் ஜமீன் மாதிரி சொந்தக்காரரான மிட்டாதாரின் ஆசை அடங்குமா? முள்ளுக்குறிச்சி அடிவாரத்தில் காரை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, தேவனூர் நாட்டு ஆட்களின் தோளில் ஏற்றி மேலே கொண்டுவந்து மறுபடியும் பூட்ட வைத்தார். எல்லாம் பங்களாவிலிருந்து காப்பித் தோட்டம் வரை வெட்டிய மண்தடத்தில் ஓட்டிப் பெருமையடித்துக்கொள்ளத்தான். அன்று ஸ்டியரிங்கைக் கழுத்தில் மாட்டி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறியவன் முத்தன். கண்ணாயியின் புருஷன். மழையில் கால் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனான்.

குடித்துவிட்டு ஏறினான், விழுந்தான் என்று மிட்டாதார் ஊரைக் கூட்டிச் சொன்னார். போலீஸ் வந்துவிடுமோ என்று, பெண்டாட்டி வந்து சேருமுன்பே பிணத்தைப் பள்ளத்திலேயே புதைத்தும் விட்டார். எண்ணெய் தேய்த்து, அரப்புத் தூள் வைத்துக் குளிப்பாட்டாத பிணம். அப்படிப் போனவன் கடைசியாகப் பிடித்ததை விட்டுப் போகமாட்டான் என்பது அந்த மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

முத்தன் கள்ளைத் தொட்டவனே இல்லை. அன்றைக்கு அவனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. நாளைக்கு ஏறுகிறேன் என்று அவன் கெஞ்சியதையும், மிட்டாதார் தடியால் நெட்டித் தள்ளியதையும் கூடச் சுமந்த பொன்னன் கண்ணாயியின் காதோடு சொன்னான். வெளியில் சொல்ல அவனுக்கு நெஞ்சில் உரமில்லை. செத்தவன்மேல் குடிகாரன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கண்ணாயிக்கு வயிறு எரிந்தது. ஒட்டவைத்த வாயே அதைத் துடைக்க வேண்டும், அதுவரை விடுவதில்லை என்று இருந்தாள்.

ஸ்டியரிங்கைத் துடைக்கச் சொன்னதும் பங்களா வேலைக்காரி பெருமாயி ஓடிவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது, "நான் வாரேன்" என்று கண்ணாயியே சொல்லியனுப்பினாள்.

டிரைவர் அர்த்தனாரி ராசிபுரத்துக்காரன், வேலைக்குப் புதிது. வந்தவள் யாரென்று அவனுக்குத் தெரியாது.

"மண்ணெண்ணெய் போட்டாச்சு, சோடாக்காரம் போட்டாச்சு, ஒண்ணுக்கும் மசியலீங்க அம்மிணி," என்றான் மெதுவாக. "தொடச்சுட்டு வெத்தல போட்டுத் துப்பறதுக்குள்ள மறுக்கா படிஞ்சுருது. மத்தியானம் வெள்ளைக்காரத் துரை வாராராம். எசமான் என் தோலை உரிச்சுருவாரு."

கண்ணாயி காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங் முழுக்க அழுக்கு, சட்டியில் அடிப்பிடித்த களி போலக் கறுத்து, தடித்து இருந்தது. தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தாள். சுருள் சுருளாக மடியில் உதிர்ந்தது. முதலில் மண்ணெண்ணெய் வாடை. அது போனதும் வியர்வை வாடை. அதற்கும் அடியில் மிளகும் இஞ்சியும் கொதித்த வாடை.

அன்று விடியலில் முத்தனுக்கு அவள் காய்ச்சிக் கொடுத்த கசாயம்.

கை நின்றது.

ஸ்டியரிங் சுட்டது. காய்ச்சல்காரன் நெற்றி சுடுவது போல.

பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தையும் தேய்த்து எடுத்தாள். மரம் பளபளவென்று தெரிந்தது. துணியால் துடைத்துக் கையை எடுத்த மறுகணம், மரத்துக்குள்ளிருந்து கறுப்பு துளித்துளியாகக் கசிந்து வந்தது. வலப்பக்கம் ஐந்து விரல். இடப்பக்கமும் விரல்கள். அதில் மோதிர விரல் பாதியில் முடிந்திருந்தது.

மிளகுக்கொடி ஏறிய மரத்தில் கிளை கழிக்கும்போது அரிவாள் தின்ற விரல் அது.

"மாமா..." என்றாள்.

ஸ்டியரிங் அவள் பக்கமாக மெல்லத் திரும்பியது.

அவளுக்கு மயிர்க்கால் குத்திட்டது. ஆனாலும் இறங்கி ஓடவில்லை. பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. இத்தனை நாளாக ஒருத்தன் காய்ச்சலோடு இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே!

அர்த்தனாரி ஓடினான். அவன் போட்ட கூச்சலில் மிட்டாதாரே வந்துவிட்டார். பின்னாலேயே தோட்டத்து ஆட்களும் வந்து வாசலில் நின்றார்கள். பொன்னனும் இருந்தான், தலையைக் குனிந்தபடி.

மிட்டாதார் தூரத்திலேயே நின்று ஸ்டியரிங்கைப் பார்த்தார். பிறகு கண்ணாயியைப் பார்த்தார்.

"முத்தன் பொண்டாட்டியா நீ? நல்லதாப் போச்சு. அரப்பு வச்சுக் கழுவி அனுப்பிச்சுரு. சுருக்கா ஆகட்டும்."

"அரப்பு மடியிலயே இருக்குதுங்க எசமான்," என்றாள் கண்ணாயி. "வெக்கிறேன். அதுக்கு முன்னால ஒரே ஒரு வார்த்தை. காய்ச்சல்னு தெரிஞ்சுதான் தள்ளி ஏத்துனேன்னு இவங்க காது கேக்கச் சொல்லுங்க."

"குடிச்சுட்டு விழுந்த நாய்க்கு நான் சாட்சி சொல்லணுமாக்கும்!"

கண்ணாயி மடி முடிச்சை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

"அப்படீன்னா அவரு இங்கயே இருக்கட்டுங்க. நான் அனுப்ப மாட்டேன்."

கூலியாட்கள் முன்னால் ஒரு பொம்பளை இப்படிப் பேசினால் மிட்டாதாருக்குப் பொறுக்குமா? "பேயாம், பேய்!" என்று அவளைத் தள்ளிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மோதிரம் மின்ன இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

பிடித்த கை பிடித்தபடி நின்றது.

விரல் முட்டிகள் வெளுத்தன. மேலிருந்து வேறு கைகள் அழுத்துவது போலச் சதை பள்ளம் விழுந்தது. பள்ளங்களில் ஒன்று மட்டும் குட்டை.

"எடுங்கடா..."

அர்த்தனாரியும் பொன்னனும் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்கள். முத்தன் பிணத்திலிருந்து ஸ்டியரிங்கை எடுத்தபோதும் இப்படித்தான் பிரிக்க வேண்டியிருந்தது. அன்றும் பிரித்தது பொன்னன்தான். அவன் உடைந்துபோய் அழுதான்.

"காய்ச்சல்தானுங்க! நான் பாத்தேன். குடிக்கல, அவன் குடிக்கல!"

அந்தக் கணமே கைகள் விடுபட்டன. மிட்டாதார் மண்ணில் உருண்டார். உள்ளங்கை இரண்டும் கன்னங்கரேலென்று இருந்தன.

துரை அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் பங்களா வாசலோடு திரும்பிப் போனார். சோப்பு, புளி, எலுமிச்சை எதற்கும் அந்தக் கறுப்பு அசையவில்லை. மிட்டாதார் கரண்டியால் சாப்பிடப் பழகினார். பொன்னன் சொன்னதை ஊர் நம்பியது. கண்ணாயிக்கு அது போதவில்லை. அமாவாசைதோறும் பங்களா வாசலில் நின்று, "சொல்றீங்களா எசமான்?" என்று கேட்டாள். மனிதர் வீம்பை விடவில்லை. அவள் அரப்பைத் தண்ணீர் காட்டாமல் அப்படியே வைத்திருந்தாள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் மிட்டாதார் செத்துப்போனார். சொந்தக்காரர்கள் எண்ணெயும் அரப்பும் குறைவில்லாமல் வைத்துத்தான் குளிப்பாட்டினார்கள். கறுப்பு மட்டும் போகவில்லை. அப்படியே எரித்தார்கள்.

சாம்பல் ஆறுவதற்குள் அர்த்தனாரி மூச்சிரைக்கக் கண்ணாயி வீட்டு வாசலில் வந்து நின்றான். "நீங்களே வந்து பாருங்க அம்மிணி," என்றான்.

போய்ப் பார்த்தாள். கொட்டகை வாசலில் தோட்டத்து ஆட்கள் கும்பலாக நின்றார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. ஸ்டியரிங்கில் அழுக்கு புதிதாகப் படிந்திருந்தது. இந்த முறை இரண்டு ஜோடிக் கைகள். அடியில் தடித்த விரல்கள், ஒன்றில் மோதிரத்தின் தடம். அதன்மேல், இறுக்கிப் பிடித்தபடி, அரைவிரல் கை.

காலியான இருக்கையிலிருந்து மிட்டாதாரின் குரலில் முனகல் மாதிரி ஏதோ கேட்டது. கண்ணாயி குனிந்து காதைக் கொடுத்தாள்.

நிமிர்ந்தபோது அவள் முகத்தில் துளி பயமும் இல்லை. மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அரப்பு காய்ந்தபடியே இருந்தது.

"சத்தமாச் சொல்லச் சொல்லுங்க மாமா," என்றாள். "வெளியில ஆளுங்க நிக்கிறாங்க."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த அரைவிரல் இன்னும் கொஞ்சம் அழுந்தியது.