கையில் ஓடும் சத்தம்

காலையில் கண் விழித்ததும் கிருபாகரன் செய்கிற முதல் வேலை, வலது கையை மடக்கி முழங்கை மடிப்பைக் காதில் வைத்துக் கேட்பது. அன்றைக்கும் கேட்டான். சத்தம் இருந்தது. ஆனால் நடுவில் எங்கோ இடறியது.

அவனுக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போய் வருஷங்களாகிவிட்டன. அம்பத்தூரில் ஒரு தனியார் டயாலிசிஸ் சென்டரில் வாரம் மூன்று நாள் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறவன். அதற்காகக் கைக்குள் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள், ஃபிஸ்டுலா என்பார்கள். அந்த இணைப்பில் ரத்தம் இரைந்துகொண்டே ஓடும். இரைச்சல் நின்றால் குழாய் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். இடது கையில் ஏற்கெனவே நின்றுவிட்டது. வலது கையும் நின்றால் வெட்டித் தைக்க உடம்பில் வேறு இடமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பருத்திப்பட்டு ஏரியிலிருந்து அழுகிய ஆகாயத்தாமரை வாடை பால்கனி வழியாக வந்துகொண்டிருந்தது. கீழே நடைபயிற்சிக்காரர்களின் செருப்புச் சத்தம், தண்ணி லாரியின் உறுமல், சமையலறையில் ஹெலினா குக்கரை மூடுகிற சத்தம் எல்லாவற்றையும் தாண்டி அவன் தன் கையையே உற்றுக் கேட்டான். இடது கை விரல்களைக் கழுத்தில் வைத்து நாடி பார்த்தான். நாடி சீராக அடித்தது. கை மட்டும் கொஞ்சம் ஓடி, ஒரு அடி விட்டு, அவசரமாக மறுபடி சேர்ந்துகொண்டது. ஒரே உடம்பில் இரண்டு துடிப்பு எப்படி இருக்கும் என்று அவனுக்கு விளங்கவில்லை.

என்ன ஆச்சு என்று ஹெலினா கதவோரம் வந்து கேட்டாள். அவன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒரு பெரிய டீமையே மேய்த்தவன், ப்ளஸ் டூவோடு நின்றுபோன மனைவியிடம் ரத்தக்குழாயைப் பற்றிப் பேசுவானா? அவன் பார்வையில் உலகத்தில் விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர், அவர்களில் முக்கியமானவன் அவன். கிட்னி போனதுகூட ஏதோ நிர்வாகத் தவறால் தன்னிடம் வந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்த இடறல் அவனுக்குத் தெரிந்ததுதான், வேறொருவன் கையில் தொட்டுப் பார்த்தது.

சென்டரில் ஒரு மருந்து ஆய்வு நடந்துகொண்டிருந்தது. ஃபிஸ்டுலா அடைக்காமல் காக்கிற மாத்திரை. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுப்பவர்களுக்கே தெரியாது. அவரவர் டப்பாவை ஒவ்வொரு தடவையும் எடுத்து வர வேண்டும், மிச்சத்தை எண்ணிப் பார்ப்பார்கள். மற்ற நோயாளிகள் கடவுள் விட்ட வழி என்று விழுங்கிக்கொண்டிருந்தார்கள். மந்தை, என்று கிருபாகரன் நினைத்தான். அவன் கவனித்தான். அவன் கையில் இரைச்சல் நாளுக்கு நாள் தேய்ந்தது. பக்கத்துக் கட்டில் ஏகாம்பரத்தின் கையிலோ கிரைண்டர் ஓடியது.

ஏகாம்பரம் மேனாம்பேட்டுக்காரன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். மாங்காயைத் தொடாதே என்றால் மாங்காயைத் தின்றுவிட்டு வருவான், தண்ணீரை அளந்து குடி என்றால் சிரிப்பான், வாயைத் திறந்து தூங்குவான். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கையை நீட்டி, "தொட்டுப் பாரு அண்ணாத்தே, வண்டி ஐட்லிங்ல நிக்கறா மாதிரி இல்ல?" என்பான். ஒரு தடவை கிருபாகரனும் தொட வேண்டியதாயிற்று. ஓடி, ஒரு அடி விட்டு, சேர்ந்துகொள்கிற ஓட்டம். இந்த ஜென்மத்துக்கு நிஜ மருந்து, எனக்கு மாவா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டயாலிசிஸுக்கு முன்னால் எடை பார்க்க வேண்டும். பையையும் செல்போனையும் கட்டிலில் போட்டுவிட்டு மூலையிலிருக்கும் மிஷினில் ஏறி நிற்க வேண்டும். சில வாரங்களுக்கு முன் ஒரு நாள், ஏகாம்பரம் ஏறி நின்று டெக்னீஷியன் ரேகாவோடு எடைக்காக வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில், கிருபாகரன் இரண்டு டப்பாக்களின் மாத்திரைகளையும் மாற்றிப் போட்டான். வாழத் தெரிந்தவன் செய்கிற காரியம் என்று தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொண்டான்.

மாத்திரை வேலை செய்கிறது, அவ்வளவுதான். இப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டுதான், கையில் இடறல் கேட்ட அன்றைக்கும் சென்டருக்குப் போனான்.

ஏகாம்பரத்துக்கு ரத்தம் எடுக்கக் கழுத்தில் தற்காலிகமாக ஒரு ட்யூப் போட்டிருந்தார்கள். கை நின்றுபோய்விட்டது என்று ரேகா சொன்னாள். கிருபாகரன் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான். டெட்டால் வாடை, மிஷின்கள் சுற்றுகிற ஒரே மாதிரியான முனகல், ஏசியிலிருந்து பக்கெட்டில் சொட்டுகிற தண்ணீர். பேப்பருக்கு அந்தப் பக்கம் ஏகாம்பரம் மூச்சு விடுவது கேட்டது.

"தினிக்கும் காலீல கேட்டுக் கேட்டுப் பயகிப்போச்சு," என்றான் ஏகாம்பரம். "இப்போ ஒண்ணுமே இல்ல. ஊடே காலியான மாதிரி கீது. உன் கைய கொஞ்சம் குடு அண்ணாத்தே. கேட்டுட்டுத் தந்துடறேன்."

மறுத்தால் சந்தேகம் வரும் என்று கிருபாகரன் கையை நீட்டினான். ஏகாம்பரம் குனிந்து காதை வைத்தான். நெடுநேரம் வைத்திருந்தான். அவன் தலையிலிருந்த தேங்காயெண்ணெய் கையில் பிசுபிசுத்தது.

"இது என் வண்டி சத்தமாச்சே," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. காணாமல்போன சாமானைக் கண்டெடுத்தவன்போல் சிரித்தான். பிறகு தன் கட்டிலில் போய்ப் படுத்துக் கண்ணை மூடினான். ரேகா ட்யூபை இணைக்க வந்தபோது அவன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சை அழுத்தினார்கள், ஊசி போட்டார்கள், திரையை இழுத்தார்கள்.

திரைக்கு இந்தப் பக்கம் கிருபாகரனின் கை முன்னைவிடப் பலமாக ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை ரேகா ஊசி குத்துவதற்கு முன் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். வைத்த இடத்திலிருந்து எடுக்கவில்லை. டிப்ளமோ படித்த பெண்ணுக்கு என்ன புரியப்போகிறது என்று அவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், ரெண்டு பேர் ஓட்டம் மாதிரி கேக்குது," என்றாள். கருவியைக் காதிலிருந்து கழற்றிய பிறகும் காதைத் தேய்த்துக்கொண்டேயிருந்தாள்.

அதற்குப் பிறகு ரேகா வரவில்லை. புதிதாக வந்தவர் ஊசியைக் குத்திக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அன்று மாலை பூந்தமல்லி வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், கடைசி நிறுத்தமான குத்தம்பாக்கத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் உட்கார்ந்தே இருந்தாளாம். சின்ன வயசு, ஒரு வியாதியும் கிடையாது என்றார். கிருபாகரன் தலையாட்டினான். கைக்குள் புதிதாக ஒன்று ஓடியது. லேசாக, வேகமாக, ஏகாம்பரத்தின் இடறலுக்கு நடுவில் புகுந்து புகுந்து. அதைக் கேட்காமலிருக்க அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

இப்போது அவனுக்குப் புரிந்துவிட்டது. மாத்திரையோடு ஏகாம்பரத்தின் ஓட்டம் வந்தது; அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் முழுசாக உள்ளே வந்துவிடுகிறார்கள்.

ஆய்வு டாக்டரிடம் சொல்லலாம். சொன்னால் மாத்திரையை நிறுத்துவார்கள். நிறுத்தினால் கை நிற்கும். கை நின்றால் அவன் முடிந்தான். ஸ்கேன் பார்த்த டாக்டரோ இவ்வளவு நல்ல ஓட்டத்தைப் பார்த்ததே இல்லை என்று அவன் தோளைத் தட்டினார். இரண்டு உயிரை விழுங்கிய கையோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதனுக்கு, வெட்கக்கேடு, அந்தப் பாராட்டு இனித்தது. எதுவும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தான்.

வீட்டில் கையைத் துண்டால் சுற்றிக்கொண்டான். டிவியைச் சத்தமாக வைத்தான். துண்டுக்குள்ளிருந்து வந்துகொண்டேயிருந்தது. சாப்பாட்டு மேசையில் கையை வைத்தால் டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. கைக்கு என்ன, ஏன் மூடி வைத்திருக்கிறீர்கள் என்று ஹெலினா கேட்டாள். உன் வேலையைப் பார் என்றான். ராத்திரி அவள் தூங்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். மறுநாளும் கேட்டாள். ஒரு வார்த்தை போதும், கையில் காதை வைக்காதே என்று. அவளிடமெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதா என்ற பழைய வீம்பு அந்த வார்த்தையை விழுங்கிவிட்டது.

டயாலிசிஸ் முடிந்து வருகிற மதியங்களில் உடம்பு பிழிந்து போட்ட துணியாகிவிடும். அன்றும் வந்து விழுந்தவன் அப்படியே தூங்கிப்போனான்.

கை கனத்தது. விழித்தான்.

திரைச்சீலை வழியாகச் சாயங்கால வெயில். துண்டு தரையில் கிடந்தது. ஹெலினா கட்டிலோரம் மண்டியிட்டு அவன் கைமேல் தலை சாய்த்திருந்தாள். காது சரியாக மடிப்பின்மேல். கண்கள் மூடியிருந்தன. சொல்லமாட்டான் என்று தானே கேட்டுப் பார்க்க வந்திருக்கிறாள்.

"ஹெலினா."

முடி வாசம். மஞ்சள் வாசம். மூச்சில்லை.

"ஏய், ஹெலினா."

கைக்குள் நான்காவதாக ஒன்று. நிதானமாக. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்தும் அவன் ஒரு தடவைகூடக் கேட்டிராத ஓட்டம்.

கையை இழுத்தான். வரவில்லை. அவள் தலையின் பாரம். விரல் அசைந்தது, கை அசையவில்லை. அவன் கைதான். அவன் சொன்னதைக் கேட்கவில்லை.

சத்தம் அறை முழுக்க நிறைந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வாசல் கதவு திறந்தது. ஸ்கூல் பையைப் போடுகிற சத்தம். மகள் வர்ஷா. பாட்டுக் கேட்டபடி வந்தவள் அறை வாசலில் நின்றாள்.

"அம்மா என்னப்பா பண்றாங்க? என்ன சத்தம் அது?"

"வராதே. வெளிய போ."

அந்தக் குரலில் அவன் அந்த வீட்டில் போ என்று சொல்லாத நாளே கிடையாது. வர்ஷா அதைக் காதில் போட்டுக்கொள்வதை எப்போதோ விட்டிருந்தாள்.

"போடி. சொல்றேன்ல, போ."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகத்தில் தெரிந்த அமைதியைப் பார்த்தாள். காதிலிருந்த இயர்போனை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கட்டிலின் அந்தப் பக்கம் மண்டியிட்டு, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, அந்தக் கையை நோக்கிக் குனிந்தாள்.