கொட்டாரம் மட்டும் போதும்

"நாப்பது நிமிஷமா!"

வாய் தவறி வெளியே வந்துவிட்டது பெபிஷாவுக்கு.

ஊர்க்காரர்கள் கொட்டாரம் என்று சொல்லும் பத்மநாபபுரம் அரண்மனையின் டிக்கெட் கவுண்டர் முன்னால், ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நின்றவர்களில் ஒருவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். கையில் போன். திரையில் வரிசையாகச் சுற்றுலாத் திட்டங்கள். கடல் வெயில் குடித்த கறுத்த முகம். மழைத்துளி தொங்கும் இமைகள்... அவற்றுக்குள் கோபமாக இரண்டு கண்கள்.

'இவ்வளவு அழகான கண்ணுக்கா கோபம் வரணும்?' என்று நினைத்தவள், உடனே தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"என்ன சொன்னிய?"

"இல்ல... அந்த டூர்ல கொட்டாரத்துக்கு நாப்பது நிமிஷம்தான் விடுவாவ. பெறவு சுசீந்திரம், கன்னியாகுமரி, சாயங்காலம் சூரியன் அடையது... ஒரே ஓட்டம். அம்மைக்கு முடியுமா?"

அவன் சட்டைக் கையைப் பிடித்தபடி ஒரு அம்மா நின்றிருந்தார். பார்வை எதிலும் சரியாகப் பதியவில்லை.

"பின்ன என்ன செய்யச் சொல்லுதிய?"

"சாதா டிக்கெட் எடுங்க. கொட்டாரம் மட்டும் போதும். மத்தியானம் வரைக்கும் மெதுவா பாக்கலாம்."

அவன் கண்கள் அவள் கழுத்தில் தொங்கிய வழிகாட்டி அட்டையில் வந்து நின்றன.

"ஓ... கைடா? நாங்க டூர் வண்டியில போனா உங்களுக்கு ஆள் கிடைக்காதுல்லா. அதுக்குத்தான் இந்த அக்கறையா?"

பெபிஷாவின் முகம் சுட்டது.

"எனக்கு ஆளு வரும். நீங்க ஓடுங்க."

திரும்பி நடந்துவிட்டாள். பின்னால் அந்த அம்மாவின் குரல் கேட்டது. "ஏன் மக்களே அந்தப் பிள்ளைய வெரட்டுத?"

மகன் ஜெஃப்ரின் மறுபடி போன் திரையில் குனிந்தான். கப்பலில் வேலை அவனுக்கு. வருஷத்தில் சில வாரங்கள்தான் கடியபட்டணத்து வீட்டில் இருப்பான். இந்த முறை வந்தபோது அம்மா லீமாவின் பார்வையில் பாதி போயிருந்தது. கண் அழுத்தமாம். புதன்கிழமை திருவனந்தபுரத்தில் ஆபரேஷன். மிச்சப் பார்வை நிற்குமா என்று கேட்டதற்கு, டாக்டர் உறுதி சொல்லவில்லை.

"அதுக்கு முன்ன என்னத்தம்மா பாக்கணும்?" என்று அவன் கேட்டான்.

"தக்கல கொட்டாரம்" என்றாள் லீமா. முப்பது வருஷம் தக்கலைச் சந்தையில் மீன் விற்றவள். கோட்டை மதிலோரம் எத்தனையோ தடவை நடந்திருக்கிறாள். மீன் கூடையோடு எப்படி உள்ளே போவது என்று ஒரு நாளும் ஏறியதில்லை.

அது ஒன்றுதான் அவள் கேட்டாள். அவனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் அந்தக் கண்ணில் நிறைத்துவிட வேண்டும்... டூர் டிக்கெட்டையே எடுத்தான்.

உள்ளே, மைக்கோடு முன்னால் போன டூர்க்காரன் திரும்பிப் பார்க்கவேயில்லை. குறுகலான மரப்படி, இருட்டு, முட்டி மோதும் கூட்டம். நாடகசாலை வந்தபோதுதான் ஜெஃப்ரின் கவனித்தான்... பக்கத்தில் அம்மா இல்லை!

லீமா, ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் மூலையில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் வந்து சேராத தன் விருந்தாளிகள் மேலே ஏறிவிட்டார்களோ என்று தேடி வந்த பெபிஷாதான் அவளை முதலில் கண்டாள்.

"அம்மா... என்ன ஆச்சு?"

"எல்லாம் இருட்டா கெடக்கு மக்களே." ஒரு கை பெபிஷாவைத் தேடித் துழாவியது. "புதன்கிழமைக்கு முன்னயே போயிட்டு போலிருக்கு..."

பெபிஷா தரையிலேயே உட்கார்ந்தாள். அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்தினாள்.

"போகல்லம்மா. வெளிய இருந்து வந்தா இங்க எல்லாருக்கும் இருட்டுதான். எனக்கே ஒண்ணும் தெரியல்ல. கண்ணை மூடுங்க. மெதுவா அம்பது எண்ணுவோம்."

எண்ணினார்கள். ஓட்டில் மழை விழுகிற சத்தம் மட்டும்...

"இப்ப தொறங்க."

முதலில் சன்னல்கள் வந்தன. மரச்சட்டங்களுக்கு நடுவே பதித்த மைக்காத் தகடுகளில் நிறம் நிறமாய் ஒரு மங்கல் வெளிச்சம். அதற்குப் பிறகு, இருட்டின் அடியிலிருந்து ஒரு கறுப்பு மினுங்கி எழுந்தது. அசையாத குளம் போல... சன்னல்களெல்லாம் அதற்குள் தலைகீழாக நின்றன.

"தண்ணி கெடக்கா மக்களே?"

"தரையாக்கும் அம்மா. தேங்காச் சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேத்துப் போட்டதுண்ணு சொல்லுவாவ. தொட்டுப் பாருங்க."

லீமா தொட்டாள். பிறகு குனிந்து, அந்தக் குளிர்ச்சியில் முழு உள்ளங்கையையும் வைத்தாள். "எம்மோ..." என்றாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

மூச்சிரைக்க ஓடிவந்த ஜெஃப்ரின் வாசலிலேயே நின்றுவிட்டான். எத்தனை துறைமுகம், எத்தனை தேசம் பார்த்தவன்... இப்படி ஒரு வெளிச்சத்தை அம்மாவின் முகத்தில் அவன் பார்த்ததே இல்லை. அந்த முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம்... நாலு வார்த்தையில் தான் காயப்படுத்திய முகம்.

வெளியே டூர் வண்டி ஹாரன் அடித்தது. அவன் அசையவில்லை. வண்டி போய்விட்டது.

மத்தியானம் வரை பார்த்தார்கள். தாய்க்கொட்டாரத்தில் பலாமரத் தூணில் கன்னத்தை வைத்து நின்றாள் லீமா. வாசல் மண்டபமான பூமுகத்தின் மேல்கூரையில் செதுக்கிய பூக்களை, ஒன்றைப் போல் ஒன்று இல்லாத அந்தப் பூக்களை, பெபிஷா விரல் காட்டிய திசையில் ஒவ்வொன்றாகத் தேடித் தேடிக் கண்டுபிடித்தாள். "மனுசக் கையா இது செஞ்சது!" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். தினமும் பார்க்கிற பெபிஷாவுக்கே அன்று ஒவ்வொன்றும் புதிதாகத் தெரிந்தது.

புறப்படும்போது ஜெஃப்ரின் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"நான் அப்படிப் பேசியிருக்கப்பிடாது... மன்னிச்சிருங்க."

"நான் அம்மைக்காக வந்தேன்" என்றாள் அவள். அவன் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். அவள் ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு வேறு வழியாகப் போனாள். செவ்வாயும் வந்தான். அன்றும் அப்படித்தான். வீறாப்புக்கு அவள் ஊர் அருமனைப் பெண்களை யாரும் மிஞ்ச முடியாது... ஆனால் லீமா ஆபரேஷன் என்று சொல்லியிருந்த புதன்கிழமை முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும், வாசலில் நிழல் விழும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

சனிக்கிழமை அவன் வந்தான்.

"இருந்த பார்வை அப்படியே நிக்குமாம். டாக்டர் சொல்லியாச்சு."

"கர்த்தரே..." என்று அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைக்கத் தாவணி இல்லை. அட்டை தொங்கிய நாடாவிலேயே துடைத்தாள். அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"செவ்வாக்கிழம கப்பலுக்குப் போறேன்" என்றான் மெதுவாக.

"நல்லது" என்றாள். வேறு என்னவோ சொல்ல வந்த வாய்... அதை மட்டும்தான் சொன்னது.

திங்கட்கிழமை காலையில், கொட்டும் மழையில், அருமனையிலிருந்து பஸ் ஏறினாள் பெபிஷா. தக்கலையில் இறங்கி, குடை காற்றில் மடங்க மடங்க நடந்து வந்தாள்.

அடைத்துக் கிடந்த அரண்மனை வாசலில் ஒருவன் நனைந்து நின்றான்.

"இண்ணைக்கு லீவு" என்றாள்.

"தெரியும். போர்டுல போட்டிருக்கு."

"பின்ன எதுக்கு வந்திய?"

"நீங்க எதுக்கு வந்திய?"

ஒரு பொய் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"நீங்க நிக்கியளாண்ணு பாக்க..."

அவன் அப்படியே நின்றான். அந்தக் கண்களில் கோபத்தின் சுவடே இல்லை... அவள் மட்டும்தான் இருந்தாள்.

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு பெபிஷா. சொல்லாமக் கப்பல் ஏறினா, கடல்ல கெடந்து நான் செத்துருவேன்."

"நாங்க சி.எஸ்.ஐ... நீங்க ஆர்.சி. எங்க அப்பா குதிப்பாரு."

"அம்மைய கூட்டிட்டு நேர்ல வந்து கேக்கேன். குதிக்கட்டும். அவரு குதிச்சு முடியது வரை நான் நிப்பேன்."

மழை அவள் குடையில் தாளம் போட்டது. குடையை மெல்ல அவன் பக்கமாகச் சாய்த்தாள்.

"எத்தன மாசம்?"

"எட்டு."

"எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு" என்றாள். 'நீங்க' எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை. "தினம் கூப்பிடணும்."

"நடுக்கடல்ல ரேஞ்சு கிடைக்காதே..."

"கிடைக்கிற அண்ணைக்கு ரெண்டு தடவ கூப்பிடு."