தட்டின் ஓரத்துப் பூ

விடியல் மணி அடித்ததும் கலிஸ்டோ குடியிருப்பில் எல்லாரும் பசியை அணைத்தார்கள். பல் துலக்கி, முகம் கழுவி, இடது மணிக்கட்டில் தோலுக்கடியில் இருக்கும் பட்டாணி அளவுத் துண்டை ஒருமுறை அழுத்தினால் போதும், அன்று முழுக்க வயிறு வாயை மூடிக்கொள்ளும்; நடுவில் இன்னொருமுறை அழுத்தினால் பசி திரும்ப வரும். அதற்குப் பசியடக்கி என்று பெயர். உடம்பு பாட்டுக்கு இளைக்கும், தலை சுற்றும், முழங்கால் நடுங்கும். பசி மட்டும் தெரியாது. இதைக் கண்டுபிடித்தவருக்குப் பூமியில் பெரிய விருது கொடுத்தார்களாம். கொடுக்காமல் இருப்பார்களா? சோறு அனுப்புவதைவிட இது எவ்வளவோ சுலபம்.

அந்த ஊரில் பசியை அணைக்காத ஒரே ஆள் வஞ்சி. ஏழு மாதக் கர்ப்பிணி. பசியை அடக்கினால் வயிற்றில் இருக்கும் பிள்ளை வளராது என்று சொல்லி அவள் துண்டை எடுத்துவிட்டார்கள். அதனால் ஊர் முழுக்கச் சேர்ந்து படவேண்டிய பசியை அவள் ஒருத்தியே பட்டுக்கொண்டிருந்தாள்.

இவர்கள் எப்படி அங்கே போய் மாட்டினார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வியாழனின் நிலவான கலிஸ்டோவில் ஒரு சொகுசு ஓட்டல் கட்ட யாரோ ஒரு புண்ணியவான் ஆசைப்பட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து வியாழனைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்கலாம் என்று விளம்பரம் வேறு. கட்டட வேலைக்கும் சமையலுக்கும் கொங்குப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் எடுத்தார்கள். பாதிக் கட்டடம் எழும்பியபோது முதலாளிக்கு ஆர்வம் போய்விட்டது. ஆட்களைத் திரும்பக் கூட்டிப்போக வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

வந்தவர்கள் கொண்டுவந்த மண்ணில் ராகி போட்டார்கள், நெல் போட்டார்கள். சில போகம் விளைந்தது. பிறகு மண்ணில் ஒரு பூசணம் பிடித்து எல்லாம் கருகியது. மண்ணே தேவைப்படாத செடிகள் மட்டும் பிழைத்தன. ஓட்டல் வரவேற்பறைச் சுவருக்கு அலங்காரமாகக் கொண்டுவந்த ஆர்கிட் செடிகள் அவை. பனிப்புகை கசியும் சுவரில் வேரைக் காற்றில் தொங்கவிட்டபடி ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துத் தள்ளின. அந்தச் சுவருக்கு ஈரச்சுவர் என்று பேர் வைத்து, வேறு வழியில்லாமல் ஜனங்கள் அந்தச் செடிகளைத் தின்னத் தொடங்கினார்கள்.

எப்படித் தின்பது என்று கண்டுபிடித்தவள் பொற்கொடி. ஓட்டல் சமையலுக்கு வந்தவள், வஞ்சியின் தாய். தண்டின் அடியில் திரண்டிருக்கும் குமிழைக் காயவைத்து இடித்தால் மாவு வரும், வெந்நீரில் கிளறினால் சாம்பல் நிறத்தில் ஒரு களி. இளம் தண்டை வேகவைத்தால் வழவழவென்று ஒரு சாறு. இதழைப் பச்சையாக மென்றால் வெள்ளரிப் பிஞ்சின் வாசம் லேசாக வரும், நடுவில் இருக்கும் மூக்கைக் கிள்ளி எறியாவிட்டால் கசக்கும். இதழை உப்புப்போட்டு ஊறவைத்தால் ஊறுகாய். வனிலாவும் ஆர்கிட் ஜாதிதான், அதன் காயும் இரண்டொரு கொடியில் காய்த்தது. ஆனால் வாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பூ என்பது வயிற்றை நிரப்புகிற சாமான் இல்லை. ஒரு பூக்காலத்தில் பறித்ததை உலர்த்தி அடுத்த பூக்காலம் வரை ஓட்டினார்கள். இந்த வருடம் பனிப்புகை விடும் குழாய்கள் துருப்பிடித்துச் சுவரில் பாதி காய்ந்துவிட்டது.

பூமியின் நிவாரணத் துறைக்கு அவர்கள் கேட்டுக்கொண்டதெல்லாம் ஒரு கப்பல் அரிசி பருப்பு, கொஞ்சம் நல்ல மண். பலமுறை கெஞ்சிய பிறகு, நேரில் பார்த்து முடிவு சொல்ல கிருபாகரன் என்ற அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அவர் சரி என்றால் கப்பல் வரும். இல்லையென்றால் அவ்வளவுதான்.

ஊர்த்தலைவர் அம்பலவாணன் சமையற்கூடத்துக்கே வந்து பொற்கொடியைக் கேட்டார். "ஒறம்பரை வர்றாரு, பூமியில இருந்து வர்ற விருந்தாளி. என்ன பண்ணலாமுங்க?"

"என்ன பண்றதுங்க? இருக்கறதைப் பண்ணோணும்" என்றாள் பொற்கொடி. "பூவெல்லாம் இன்னைக்கே பறிச்சுப் போடலாம். வஞ்சி பேறுகாலத்துக்குன்னு பழைய வெளைச்சல்ல ரெண்டு ஆழாக்கு அரிசி எடுத்து வெச்சிருக்கறேன். அதைப் பொங்கிர்றேன்."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த வஞ்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அந்தாளு நாம பட்டினி கெடக்கறதைப் பார்க்க வர்றாரு. நாம திங்கற களியை அப்படியே அவரு முன்னால வை. ஒரு வாய் வெச்சாருன்னா அடுத்த கப்பல்ல அரிசி வரும்."

"நல்லாச் சொன்னே போ! அத்தனை தூரத்துல இருந்து வந்த மனுசனுக்குக் களியை வெப்பாங்களா? நாளைக்கு நம்ம சனத்தைப் பத்தி என்ன நெனப்பாரு?"

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. அவரு வர்றப்ப யாரும் பசியை அணைக்காம இருங்க. பசியை அளக்கற கருவி, அந்தப் பசியளவி கொண்டாருவாருல்ல, அதுலயாச்சும் தெரியட்டும்."

அம்பலவாணன் நெளிந்தார். "அதெப்படி அம்மணி? பசிச்ச மூஞ்சியோட ஒறம்பரைக்குப் பரிமாற முடியுமா? கை தட்டுக்குப் போறதுக்குப் பதிலா நம்ம வாய்க்குப் போயிரும். ஊருக்கே கேவலம்."

வஞ்சி அழுதுவிட்டாள். கோபத்தில்தான். பொற்கொடி முந்தானையால் மகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள். ஆனாலும் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.

கிருபாகரன் நல்ல மனிதர். அதையும் சொல்லத்தான் வேண்டும். வாசலில் நின்ற பெரியவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டார், வஞ்சியைப் பார்த்து "எத்தனை மாசம்மா?" என்று கேட்டார். ஓட்டல் விருந்தினருக்காக வாங்கி, ஒருநாளும் புழங்காமல் இருந்த பெரிய வெள்ளைத் தட்டில் அவருக்குப் பரிமாறினார்கள். நடுவில் ஆவி பறக்கும் சோறு. சுற்றிலும் ஊதாப் பூவும் வெள்ளைப் பூவும். தொட்டுக்கொள்ள இதழ்த் துவையல், ஒரு கிண்ணத்தில் தண்டுச் சாறு. சோற்றின் மேலேயும் ஒரு முழுப் பூங்கொத்து. ஒரு குடும்பம் பத்து நாள் தின்னக்கூடிய பூ அந்த ஒரு தட்டில் இருந்தது.

"அடேயப்பா!" என்றார் கிருபாகரன். "பூமியில பெரிய பெரிய ஓட்டல்லகூட ஒரே ஒரு பூதாங்க வெப்பான்."

"வேற ஒண்ணுமே பண்ணலீங்க. வூட்டுல ஒண்ணும் இல்லீங்க. ஏதோ இருந்ததை வெச்சுப் பண்ணினேன்" என்றாள் பொற்கொடி. அத்தனையும் உண்மை. ஆனால் அவருடைய அத்தையும் பதினாறு வகை செய்துவைத்துவிட்டு இதையேதான் சொல்வாள். அவர் சிரித்தார்.

பிறகு ஒவ்வொரு பூவாக எடுத்து, ரொம்பவும் மரியாதையாகத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தார். சுற்றி நின்றவர்கள் திகைத்துப் போனார்கள். அவர்களுக்குப் பூதான் சோறு; கண்ணெதிரே ஒருவன் சோற்றையே ஒதுக்கி வைக்கிறான் என்றுதான் தோன்றியது. ஒருவேளை பூவைக் கடைசியில் தின்பாராக்கும் என்று காத்திருந்தார்கள். "இன்னுங் கொஞ்சம் வெச்சுக்குங்க சாமி" என்று பொற்கொடி மறுசோறு போட்டாள். சட்டி காலியாகும் வரை போட்டாள். அவர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பூவைத் தொடாமல் எழுந்து கை கழுவப் போனார்.

வஞ்சியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், அவர் தட்டின் ஓரத்திலிருந்த பூக்களை இரண்டு கையாலும் அள்ளி வாயில் திணித்துக்கொண்டாள். பூவின் கசப்பு மூக்கைக்கூடக் கிள்ளவில்லை. கசப்பில் கண்ணில் தண்ணீர் வர வர மென்றாள்.

திரும்பி வந்த கிருபாகரன் பார்த்துவிட்டார். ஊரே தலையைக் குனிந்துகொண்டது. அவரோ வாய்விட்டுச் சிரித்தார். "மசக்கைல எங்க வீட்டம்மா சாம்பலைத் தின்னா. இந்தப் பொண்ணு பரவால்ல, பூவைத் திங்குது!"

அப்புறம் பசியளவியை எடுத்து அறையைச் சுற்றி ஒருமுறை காட்டினார். மணிக்கட்டில் இருக்கும் துண்டுகள் சொல்வதை அது கேட்டுக்கொள்ளும். பசி தெரியாவிட்டால் பசி இல்லை என்பது துறையின் சித்தாந்தம். துண்டே இல்லாத வஞ்சி அதன் கண்ணில் படவே இல்லை. பூஜ்யம் என்று காட்டியது.

"ரொம்ப சந்தோஷம்" என்றார். "நான் பட்டினி கிடக்குற எத்தனையோ குடியிருப்பைப் பார்த்திருக்கேன். இந்த மாதிரி முகம் மலர்ந்து பரிமாறின ஊரைப் பார்த்ததில்லை. உங்களுக்கு நிவாரணம் தேவையில்லை. அந்த அரிசியைக் கஷ்டப்படுற வேற ஊருக்கு அனுப்பிடலாம்."

அம்பலவாணன் ஒரு அடி முன்னால் வந்தார். "அப்ப... கப்பல் வராதுங்களா?"

"வராம இருக்குமா? கட்டாயம் வரும். காலியா வரும். இந்தப் பூவுக்குப் பூமியில அவ்வளவு கிராக்கி! நீங்க ஏத்தி அனுப்புங்க, உங்க ஊர் எங்கேயோ போயிடும். பின்னால உங்களுக்கு வேண்டியதெல்லாம் தானா வரும்."

வஞ்சி கத்தினாள். "எங்களுக்குப் பசிக்குதுங்க! இதுதான் எங்க சோறுங்க! எல்லாரும் அந்தத் துண்டை அமுத்துங்களேன். பசியைப் போடுங்க, அவரு அளந்து பார்க்கட்டும்! அம்மா, நீயாச்சும் போடேன்!"

 ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொற்கொடியின் வலது கை, இடது மணிக்கட்டின்மேல் போய் நின்றது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அவளுக்கு மகள் சொல்வது நன்றாகவே புரிந்தது. ஆனால் சாப்பிட்டுக் கை கழுவிய விருந்தாளி முன்னால், அவர் இப்போதுதான் சாப்பிட்டு முடித்த சோற்றுக்காக, எப்படிப் பசியோடு நிற்பது? மனிதர் கூசிப்போக மாட்டாரா?

"புள்ளத்தாச்சி, ஏதோ பேசறா. மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். "இன்னுங் கொஞ்சம் தண்ணி வேணுங்களா?"

யாரும் அழுத்தவில்லை.

கிளம்பும்போது ஈரச்சுவரைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னார் கிருபாகரன். விருந்தாளி நல்லா இருக்கு என்று சொன்னதைக் கொடுக்காமல் அனுப்புவதா? இருப்பதிலேயே செழிப்பான செடியைப் பிடுங்கிக் கொடுத்து வழியனுப்பினார்கள்.

சொன்ன சொல் தவறாமல் கப்பல் காலியாக வந்தது. தழும்பில்லாத பூவெல்லாம் அதில் போயிற்று. இதழ் கிழிந்தது, நிறம் மங்கியது, பூச்சி அரித்தது எல்லாம் ஊருக்கு. நல்ல பூவாக அனுப்பினால் சீக்கிரம் அரிசி வரும் என்று நம்பி, ஜனங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அடுக்கினார்கள். வஞ்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும் அளவு. பால் இல்லை. குழந்தை பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு வஞ்சிக்கும் மணிக்கட்டில் துண்டைத் திரும்ப வைத்துவிட்டார்கள், மற்றவர்களைப் போல அவளும் விடியல் மணிக்கு அழுத்தினாள். அரிசி இன்றுவரை வரவில்லை. பொற்கொடி மகளிடம் மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை வாயெடுத்தாள். வஞ்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள்.

கோயமுத்தூரில் கிருபாகரன் தன் மகளின் கல்யாண வரவேற்பை ஜாம்ஜாமென்று நடத்தினார். மேசைக்கு மேசை அவரே போய் உபசரித்தார். "நல்லா சாப்பிடுங்க. ஒரு பருக்கைகூட வீணாக்கிடாதீங்க. நிவாரணத் துறைல இருந்தவன் நான், பசியோட அருமை எனக்குத் தெரியும்."

ஒரு மேசையில் ஒரு சின்னப் பெண் பிரியாணியின்மேல் இருந்த ஊதாப் பூவைக் கையில் எடுத்து மோந்து பார்த்தாள். "மாமா, இதைச் சாப்பிடலாமா? வெள்ளரிக்கா வாசம் அடிக்குது."

"சேச்சே, அது அழகுக்கு வெச்சது கண்ணு" என்றார் கிருபாகரன். அவள் கையிலிருந்து பூவை வாங்கித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "நீ சோத்தைச் சாப்பிடு" என்று அடுத்த மேசைக்குப் போனார்.