தூக்கிய கைகள்

"அந்தக் கயித்தைத் தாண்டக் கூடாதுங்க."

"எங்கப்பா ஓட்டின விமானம்தானே... தொட்டா தேஞ்சா போயிடும்?"

திரும்பியவளின் இமைகளில் மழைத்துளி. அந்தக் கண்களைப் பார்த்ததும் விமானக் காட்சியகத்தின் மெக்கானிக் தடுக்க நீட்டிய கையை இறக்கிக்கொண்டான்.

அதற்குள் அவள் பெஞ்சில் இருந்த அப்பாவிடம் போய்விட்டாள். ஒரு காலத்தில் போர் விமானி. இப்போது தன் பெயரும் நினைவில்லை, மகளையும் தெரியவில்லை. அவிழ்ந்திருந்த ஷூ லேஸைக் கட்ட அவள் குனிந்தாள். அவர் சட்டென்று இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டார்.

அவள் முகம் சுண்டிப்போனது. "நான் அடிக்கிறேன்னு நினைச்சுடாதீங்க. வீட்டுலயும் நான் குனிஞ்சாலே இப்படித்தான்... பெத்த பொண்ணைப் பாத்தே பயம் இவருக்கு."

"பயம் இல்லைங்க." அவன் அருகே வந்தான். "நான் விமானப்படையில ஆறு வருஷம் விமானத்துக்கு அடியில வேலை பாத்தவன். நாங்க கீழ இருக்கும்போது பைலட் இப்படித்தான் ரெண்டு கையும் வெளிய தெரியற மாதிரி தூக்கி வெச்சுக்குவார். தப்பித்தவறி ஒரு சுவிட்ச்ல கை பட்டா, கீழ இருக்கறவன் செத்தான். அப்பா உங்களைக் காப்பாத்திட்டு இருக்கார்."

அவர் முன்னால் போய் நின்று, கீழே யாரும் இல்லை என்ற சைகையாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். கைகள் மெல்ல இறங்கின.

அவள் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். படையைப் பற்றி அப்பா அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாரோ ஒருவன் சொல்லித் தெரியவேண்டியிருந்தது... அதுவும், அப்பாவிடம் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்க முடியாத இந்த நேரத்தில்.

பிறகு ஞாயிறுதோறும் அப்பாவுடன் வந்தாள். அவனே கயிற்றை அவிழ்த்துவிடுவான். இந்த இருக்கையில் அப்பா எப்படி உட்கார்ந்திருப்பார், இந்தக் கண்ணாடி வழியாக என்ன தெரிந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வான். சொல்லும்போது விமானத்தைவிட அவளைத்தான் அதிகம் பார்ப்பான்...

"ஸ்பேனர் பிடிக்கத் தெரியுது, மனசுல இருக்கறதைச் சொல்லத் தெரியலையா?" ஒருநாள் அவளே சீண்டினாள்.

சொன்னான். கேட்டதும் பயந்துபோனாள்.

"வேண்டாம். பரிதாபப்பட்டு யாரும் என்கூட வர வேண்டாம்."

அடுத்த முறை வந்தபோதும் மழை. அப்பாவின் லேஸ் அவிழ்ந்திருந்தது. குனிந்தாள். அவர் கைகள் மடியிலேயே கிடந்தன. போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள், இன்னும் மெதுவாக. கைகள் அசையவே இல்லை.

"அதுவும் போயிடுச்சு," என்றாள். "இனிமே எனக்குன்னு யாரும் இல்லை."

நிமிர்ந்து பார்த்தாள். எதிரே அவன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றிருந்தான். கண்கள் கலங்கியிருந்தன.

"பரிதாபம் இல்லைங்க... நீங்கன்னா எனக்கு உயிர். வேண்டாம்னா எதையும் தொட மாட்டேன். நீங்க எழுந்திரிக்கற வரைக்கும் இப்படியே நிப்பேன்."

"கை வலிக்கும்."

"வலிக்கட்டும்."

அவளால் எழ முடியவில்லை. அப்பாவின் முழங்காலில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

"எனக்கும் நீங்கன்னா உயிர்தான்... ஆனா கையை மட்டும் இறக்கிடாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம்."