முதல் குடித்தனம்

மேல்வீட்டுக் குழாயை யாரோ மூடினார்கள்.

ஆடி ஒன்பதாம் நாள், உச்சி வெயில் நேரம். கீழ்வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தமிழ்ச்செல்வி, காலையிலிருந்து மேலே சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்த தண்ணீரைக் கேட்டபடி, சாப்பிட்டதும் மாடியேறி அந்தக் குழாயை இறுக்கி மூட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கிறீச்சென்று திருகும் ஓசை வந்தது. கை வழுக்கியது போல ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு திருகு. சொட்டு நின்றது. குழாய் தானாக ஒழுகலாம், தானாக மூடிக்கொள்ளுமா?

மேல்வீடு பூட்டியிருந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது.

உசிலம்பட்டியில் தன் பங்குக்கு வந்த மானாவாரிக் காட்டை விற்று, அவனியாபுரம் வீட்டின் மேல் இரண்டு அறையும் ஓர் அடுப்படியும் அவள் எழுப்பி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. புருஷன் ஜெயபாண்டிக்கு லாரி ஓட்டம். நாக்பூர் பக்கம் போனால் லோடு மாற்றி மாற்றி ஏற்றித் திரும்பி வர ஒன்றரை மாதமாகும்; ஆனி கடைசி வாரம் கிளம்பியிருந்தான். காட்டை விற்காதே என்று அண்ணன் மருது தலைபாடாக அடித்துக்கொண்டான். அவள் கேட்கவில்லை. பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நல்ல குடும்பம் ஒன்று மேலே குடிவந்து, தன்னை 'வீட்டுக்காரம்மா' என்று கூப்பிட வேண்டும். அதை மருது கேட்க வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்கு உள்ளூரச் சிரிப்பு வரும்.

குடும்பமும் கிடைத்தது. பரமக்குடியிலிருந்து வசுந்தராவும் அவள் கணவன் வெங்கடேஷ்பாபுவும் வந்து பார்த்தார்கள், வீடு பிடித்துப்போனது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதனால் ஆனி கடைசி நாளில் பாலை மட்டும் காய்ச்சி வீட்டைத் தங்களுடையதாக்கிக்கொண்டு, ஆவணி பிறந்ததும் சாமான்களோடு வருவதாகப் பேச்சு. அன்றைக்குப் பார்த்து வசுந்தராவிடமிருந்து போன் வந்தது.

"பெரியவனுக்குக் காய்ச்சல்க்கா, கிளம்ப முடியல. நல்ல நேரம் போயிரும். எங்களுக்காக நீங்களே காய்ச்சிருங்களேன்."

இதில் என்ன இருக்கிறது என்று தமிழ்ச்செல்வி காய்ச்சினாள். முதல் குடித்தனம், முறை ஒன்றும் தவறக் கூடாது என்பது அவள் கவலை. பால் பொங்கியதும் வாசல் கதவை அகலத் திறந்து, வெறும் படிக்கட்டைப் பார்த்து, "வலது கால எடுத்து வச்சு எல்லாரும் உள்ள வாங்க" என்று வாய்நிறையக் கூப்பிட்டாள். தனியாக நின்று கூப்பிட்டது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. ஒரு டம்ளரில் பாலை ஊற்றி மேடையில் வைத்துவிட்டு, சாம்பிராணி எடுக்கக் கீழே போனாள். திரும்பி வந்தபோது டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவசரத்தில் தானே கழுவியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது குழாய் நின்ற பிறகு, அந்த டம்ளரை அவளால் மறக்க முடியவில்லை.

மாடியேறிப் பூட்டைத் திறந்தாள். அறைகள் காலியாகத்தான் இருந்தன. ஆனால் பத்து நாளாக அடைத்துக் கிடந்த வீட்டில் சிமெண்டு வாடை இல்லை. சீயக்காய் போட்டுக் குளித்த ஈரத்தலையின் வாடை இருந்தது. உள்ளறைத் தரையில் ஓரிடம் மட்டும், இப்போதுதான் ஆள் எழுந்து போனது போல வெதுவெதுப்பாக இருந்தது. காலை வைத்தவள் சுட்டதைப் போல இழுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு பகல்கள்தான் பயங்கரமாயின. வெளியே ஆடிக் காற்று புழுதியை வாரி அடிக்கும். எதிர்ப் பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தம் தெருவையே நிறைக்கும். இந்த இரைச்சலுக்கெல்லாம் அடியில், அவள் தலைக்கு மேலே, அவசரமே இல்லாமல் ஒரு குடும்பம் குடித்தனம் நடத்தியது. பாய் உதறினார்கள். எதையோ தரையோடு இழுத்தார்கள். ஒருவர் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். பேச்சு மட்டும் ஒருநாளும் இல்லை.

பக்கத்துத் தெரு மலையம்மாளுக்கு மூன்று வாடகை வீடுகள். தமிழ்ச்செல்விக்கு வீட்டு விவகாரம் கற்றுக்கொடுத்த சிநேகிதி. ஒருநாள் வாசலில் நின்று கேட்டாள்.

"ஏன்த்தா, ஆடியிலயே ஆள ஏத்திட்டியா? அம்புட்டு அவசரமா?"

"இல்லக்கா. ஆவணியிலதேன் வாராக."

"நேத்து மாடியில பாய ஒதறுற சத்தம் கேட்டுச்சே."

தமிழ்ச்செல்வி அவளை ஓரமாக இழுத்துப் போனாள். பால் காய்ச்சிய கதையைச் சொன்னாள். மலையம்மாள் சிரிக்கவில்லை.

"உள்ள வாங்கன்னு கூப்பிட்டியே, அப்ப வாசல்ல யாரு நின்னா?"

"யாருமில்லக்கா."

மலையம்மாள் மாடியை நிமிர்ந்து பார்த்தாள். "சரி, நான் வாரேன்" என்றவள், அதற்குப் பிறகு அந்த வாசல் பக்கமே வரவில்லை. எதிரே பார்த்தாலும் தெருவின் அந்தப் பக்கமாகவே நடந்தாள்.

வசுந்தராவிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வருகிறவள். தமிழ்ச்செல்வி போன் போட்டாள்.

"பசங்களுக்கு அங்கயே ஸ்கூல் சேத்தாச்சுக்கா. இங்க இருக்குற வீட்டக் காலி பண்றோம்னும் சொல்லிட்டோம். நாள எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றாள் வசுந்தரா. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

சொன்னால் வரமாட்டார்கள். முதல் குடியே வராத வீட்டுக்கு இரண்டாவது குடி எங்கே வரும்? காடும் போய், வீடும் போய், மருதுவின் முகத்தில் எப்படி விழிப்பது?

"நல்லபடியா வாங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்த பிறகு தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஆடி கடைசி நாள். சாயங்காலம் நாலு மணி. இனித் தள்ள முடியாது என்று மாடியேறினாள். சாவி இரண்டு முறை தவறியது. உள்ளே யாருமில்லை. வாடை மட்டும். மூச்சு முட்டுகிற அளவுக்கு.

முன்னறையின் நடுவில் நின்று கும்பிட்டாள்.

"நாளைக்கு ஆளுக வாராக. பிள்ளகுட்டியோட வாராக. நீங்க காலி பண்ணிருங்க. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

காற்று நின்றது. பட்டறைச் சத்தமும் நின்றது போலிருந்தது.

உள்ளறையில் ஒரு பாய் சுருண்டது. மெதுவாக. கோரை நெரியும் சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. கடைசியாக ஒரு சின்னப் பாய்.

பூட்டக்கூட நிற்காமல் இறங்கி ஓடினாள்.

அன்று இரவு மேலே சத்தமே இல்லை. விடிந்ததும் டெம்போ வந்தது. கட்டில், பீரோ, தையல் மிஷின், இரண்டு பிள்ளைகள். டெம்போக்காரருக்குத் தண்ணீர் கொடுத்த கையோடு தன் வீட்டுக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, தமிழ்ச்செல்வி அவர்களுக்கு முன்னால் மாடியேறினாள். மேலே நல்ல வெயில் விழுந்திருந்தது. தரை குளிர்ந்திருந்தது. சிமெண்டு வாடை, சுண்ணாம்பு வாடை. வேறெதுவும் இல்லை. சுவரில் கை வைத்து அப்படியே நின்றுவிட்டாள்.

பிள்ளைகள் அறைக்கு அறை ஓடினார்கள். வசுந்தராவும் கணவனும் தங்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

"நல்ல காத்தோட்டமான வீடு, வீட்டுக்காரம்மா" என்றான் வெங்கடேஷ்பாபு.

தமிழ்ச்செல்விக்குக் கண் கலங்கியது. போய்விட்டார்கள். உண்மையாகவே போய்விட்டார்கள். "இன்னைக்கு ஒங்களுக்கு எங்க வீட்டுச் சோறுதேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்த முகத்தோடு படியிறங்கினாள்.

அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

காற்றுக்குச் சாத்தியிருக்கும். தள்ளினாள். திறக்கவில்லை. தோளை வைத்துத் தள்ளினாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

ஜெயபாண்டி நாக்பூரில் இருக்கிறான். வீட்டில் வேறு யாரும் இல்லை.

பக்கவாட்டு ஜன்னலுக்குப் போனாள். கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். பரணில் இருந்த அவளுடைய பாய்கள் எல்லாம் கூடத்தில் விரித்துக் கிடந்தன, சுவருக்குச் சுவர். ஒவ்வொரு பாயிலும் ஒரு தலையணை. ஒவ்வொரு தலையணையின் நடுவிலும் தலை அழுந்திய பள்ளம். பாய்களில் யாருமில்லை.

மேலே பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது.

ஓரத்துத் தலையணையின் பள்ளம் மெல்ல உப்பி எழுந்தது. அடுத்ததும் எழுந்தது. அதற்கடுத்தது. எல்லாம் எழுந்துவிட்டன. கூடத்தில் காலைத் தேய்த்துத் தேய்த்து யாரோ நடந்தார்கள். அந்தச் சத்தம் கதவருகே போய் நின்றது.

தாழ்ப்பாள் மெதுவாக விலகத் தொடங்கியது.