எண்பத்து மூன்று கிலோவுக்கு ஒரு ஸ்பிரிங்

மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சம்மாந்துறை வயல் வட்டைக்குள் போகும் கிறவல் மண் பாதை முழுக்கத் தண்ணீர்... எது குழி, எது வெறும் ஈரம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஹுஸ்னியாவாலும் முடியவில்லை.

முன்சக்கரம் குழிக்குள் இறங்கியது. பிரேக்கைப் பிடித்தாள். அந்த உயரமான அட்வென்சர் பைக் முகம் குப்புறக் குனிந்து ‘டக்’கென்று இடித்தது. அடுத்த நொடி, எருமைக்குப் பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த மிருக வைத்தியர் ஹுஸ்னியா சேற்றில் உட்கார்ந்திருந்தாள்.

வரப்போரம் வயல் முதலாளி வேலப்போடியரின் டிராக்டர் பழுதாகி நின்றது. அதைத் திருத்திக்கொண்டிருந்தவன் ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். வந்தவன் அவளைத் தாண்டிப் போய் பைக்கைத் தூக்கி நிறுத்தினான்!

“ஆள விட்டுட்டு பைக்கத் தூக்குறீங்க?”

“உங்களத் தொட்டா அடிப்பீங்க... பைக் அடிக்காது.”

வாய் சிரிக்கவில்லை. கண்கள் சிரித்தன. மழையில் நனைந்த பழுப்புக் கண்கள்... அவற்றைப் பார்த்த குற்றத்துக்காகவே ஹுஸ்னியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அடி பட்டுட்டா டொக்டர் புள்ள?” என்று வேலப்போடியர் வரப்பிலிருந்து கத்தினார்.

“இல்ல போடியார்!”

அவன் ஹாண்டிலைப் பிடித்து இரண்டு தரம் அமுக்கினான். காதைச் சாய்த்துக் கேட்டான்.

“முன் ஷொக்குக்குள்ள ஸ்பிரிங் பலம் காணாது. மாத்தணும். நான் பஸால், சாய்ந்தமருதுல கராஜ் வச்சிரிக்கன். உங்கட நிறை எவ்வளவு?”

ஹுஸ்னியாவின் காது சுட்டது. போடியாருக்கு முன்னால்... ஒரு பெண்ணிடம்... என்ன கேள்வி இது!

“அது உங்களுக்கு என்னத்துக்கு? உங்கட வேலைய நீங்க பாருங்க!”

பைக்கை உதைத்துக் கிளப்பிப் போனாள். போகும் வழியில் சேறு காய்ந்தது. கோபம்தான் காயவில்லை.

அந்தக் கேள்வி அவளுக்கு எங்கே குத்தும் என்று பஸாலுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் ஊரில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். அவளுடைய வாப்பா அபுல் ஹஸன் இரண்டு வீடுகளுக்குப் போய்வந்திருந்தார். முதல் வீட்டார், ‘புள்ள கொஞ்சம் பெரிய ஆளு’ என்றார்கள். இரண்டாம் வீட்டில் அதையும் சொல்லவில்லை... சும்மா சிரித்தார்களாம். பரிசோதனை மேசையில் துள்ளும் கன்றைத் தனியாகப் பிடித்து நிறுத்துகிற உடம்பு அது. அதற்கு ஒரு சிரிப்பு! அன்றைக்கே உம்மாவிடம் அடித்துச் சொன்னாள்: “இனி நம்மட வீட்டால ஒருத்தரும் ஒருத்தன்ட வாசலுக்கும் போகப்படாது.”

ஒன்பதாம் நாள், காரைதீவுச் சந்தியில் திடீரென நின்ற லொறிக்குப் பின்னால் அவள் பிரேக் பிடித்தாள். பைக் மறுபடியும் குனிந்தது. மறுபடியும் ‘டக்’. பின்னால் கட்டியிருந்த மருந்துப் பெட்டி திறந்து, நாற்பது மாடுகளுக்கான தடுப்பூசிக் குப்பிகள் தார்ரோட்டில் உடைந்து ஓடின.

அவள் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். தன் கோபத்துக்கு அந்த மாடுகள் என்ன செய்யும்?

பைக்கை நேராகச் சாய்ந்தமருதுக்குத் திருப்பினாள்.

கராஜில் நாலைந்து பேர் நின்றார்கள். ஹுஸ்னியா ஹெல்மட்டைக் கழற்றினாள். ஸ்கார்பைச் சரிசெய்தாள். நிமிர்ந்து நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

“எண்பத்து மூணு கிலோ. மருந்துப் பெட்டி இருபத்தி ரெண்டு.”

யாராவது சிரிக்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தாள்...

பஸால் சிரிக்கவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு அட்டையில் எழுதினான்.

“சரியான கணக்குத் தந்தீங்க. கனபேர் பொய் சொல்லுவாங்க, பொறகு ஸ்பிரிங்க ஏசுவாங்க.” பைக்கின் முன் ஷொக்கைத் தட்டினான். “இது அறுபது கிலோ ஆளுக்குச் செஞ்சது, டொக்டர். செஞ்சவன் உங்களக் காணல்ல. குறை உங்கட்ட இல்ல.”

குறை உங்கட்ட இல்ல...

இருபத்தொன்பது வயதில் முதல்முறையாக ஒருவர் அதைச் சொல்லிக் கேட்கிறாள். அதுவும் கையெல்லாம் கிறீஸோடு. ஹுஸ்னியா அவசரமாக வாசலுக்கு வெளியே வந்தாள். நல்லவேளை, மழை தூறத் தொடங்கியிருந்தது. கண்ணைத் துடைக்க ஒரு சாட்டுக் கிடைத்தது.

கொழும்பிலிருந்து ஸ்பிரிங் வந்துசேர இரண்டு கிழமை ஆனது. அவள் லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள். பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் அவள் கையில் வைத்தான். புதியது தடித்த கம்பி... அமுக்கினால் அசையவில்லை.

“மொத்தமான கம்பி. லேசில குனியாது.”

“ஆரச் சொல்றீங்க?”

“ஸ்பிரிங்கத்தான் சொன்ன!” என்று பதறினான். அவள் சிரித்துவிட்டாள். அவன் காதுகள் சிவந்தன.

ஷொக் ஒயிலை அவளையே ஊற்றச் சொன்னான். அளவுக் கோலைப் பிடித்தபடி அவன் நிற்க, மெல்லிய நூலாக ஒயில் இறங்க, அவள் என்ன நினைத்தாளோ... மாப்பிள்ளை கேட்டுப் போன இரண்டு வீட்டுக் கதையையும், உம்மாவிடம் தான் சொன்னதையும் சொல்லிவிட்டாள். “ஒயில் காணும், நிப்பாட்டுங்க,” என்றான். துடைத்த அளவுக் கோலையே மறுபடியும் துடைத்தான்.

நிந்தவூர் வரை ஓடிப் பார்த்தாள். வேகமாகப் போய் பிரேக்கைப் பிடித்தாள். பைக் குனியவில்லை! தலை நிமிர்ந்தபடியே நின்றது. கடற்காற்று முகத்தில் அடித்தது. தெருவில் போன இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்! இது என் பைக்... இது என் நிறைக்கு என்று செய்தது!

அதற்குப் பிறகு கராஜுக்குப் போகக் காரணங்கள் தானாகக் கிடைத்தன. செயின் தளர்வு, கண்ணாடி ஆட்டம், ஒருநாள் காரணமே இல்லை...

உம்மா சரீபாவுக்கு விளங்கிவிட்டது.

“மகள், வாப்பாவ அந்தப் பொடியன்ட வீட்டுக்கு அனுப்பட்டா?”

“வேணாம்!”

சொன்ன பிறகு நெஞ்சு வலித்தது. ஆனால் ஒருத்தன் வாசலுக்கும் போகப்படாது என்று அன்றைக்குச் சொன்னது சொன்னதுதான். அடுத்த நாளிலிருந்து கராஜ் இருந்த வீதியையே சுற்றிப் போனாள்.

இருபதாம் நாள் காலை, மிருக வைத்தியக் கந்தோரில் மாடுகளும் ஆட்களுமாக வரிசை. அடுத்தது என்று கூப்பிட்டாள். ஒரு வெள்ளாட்டை இழுத்துக்கொண்டு பஸால் உள்ளே வந்தான்! இஸ்திரி போட்ட சேர்ட். நகத்தில் மட்டும் போகாத கறுப்பு.

அவள் ஆட்டின் கண்ணைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், காய்ச்சல் பார்த்தாள்.

“இதுக்கு ஒரு வருத்தமும் இல்லியே?”

“ஓம். நல்ல ஆடு. பக்கத்து வீட்டு ஆடு.”

“பொறகு என்னத்துக்குக் கூட்டி வந்த?”

“ஆடு இல்லாம வந்தா வரிசையில விடமாட்டாங்க.”

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அவன் கயிற்றை விரலில் சுற்றினான், அவிழ்த்தான்.

“டொக்டர்... உங்கட வீட்டால ஆரும் கேட்டு வரமாட்டாங்க. வரவும் வேணாம். அதான் நானே கேட்டு வந்திரிக்கன்.”

“என்ன கேட்டு?”

“உங்கள.”

அவள் தெர்மாமீட்டரை மேசையில் வைத்தாள். அவன் அவசரமாகத் தொடர்ந்தான்.

“நான் பள்ளியில ஓ.எல். வரைக்குந்தான் படிச்ச. நீங்க டொக்டர். இருபது நாளா நீங்க வரல்ல... பொருத்தமில்ல எண்டு நினைச்சிட்டீங்களாக்கும். அப்பிடியெண்டா சொல்லுங்க, ஆட்டக் கூட்டிட்டுப் போறன்.”

“நான் ஏன் வரல்ல தெரியுமா?” ஹுஸ்னியா கண்களைத் தாழ்த்தவில்லை. “வந்தா நானே உங்களக் கேட்டுருவன் எண்டு பயம்...”

பஸாலின் கையிலிருந்து கயிறு நழுவியது. ஆடு மேசைக்கு அடியில் புகுந்து அவளுடைய பதிவுப் புத்தகத்தின் மூலையைக் கடிக்கத் தொடங்கியது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

அவள் போனை எடுத்தாள். வெளியே வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சத்தமாகவே பேசினாள்.

“வாப்பா, அஸர் தொழுதிட்டு வீட்டில இரிங்க. ஒரு ஆளு மாப்பிள்ளையா வாறதுக்குக் கேட்டு வாறாரு... ஓம் வாப்பா. என்னயத்தான்!”